அளந்த எண் யாருக்கு உரியது?

இருபரிமாணப் பாலிமர்களைப் பற்றி எழுதுவோர் பலரிடம் ஒரு கருத்து ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சிறிய கரிம மூலக்கூறுகளைத் தங்கம், வெள்ளி, செம்பு ஆகியவற்றின் தூய பரப்பில் படியவிட்டுச் சூடாக்குகிறோம். அவை ஒன்றோடொன்று பிணைந்து ஓர் அணு கனமே உள்ள வலையாக விரிகின்றன. அந்த வலையின் எலக்ட்ரான் பண்புகளை அங்கேயே வைத்து அளக்கிறோம். கிடைக்கும் எண் அந்தப் பாலிமரின் எண். இதில் உலோகத்துக்கு உள்ள பங்கு தோசைக்கல்லின் பங்குதான்: வார்ப்பதற்கு வேண்டும், வெந்தபின் பெயர்த்துவிடலாம். ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளில், அறிவியல் செய்திகளில், நிதி கேட்கும் விண்ணப்பங்களில் எல்லாம் அடிநாதமாக ஒலிப்பது இதுவே.

இந்தக் கருத்து தவறானது. உலோகப் பரப்பில் பிறந்து, உலோகப் பரப்பிலேயே அளக்கப்படும் ஒரு பாலிமரின் எலக்ட்ரான் பண்புகள் அந்தப் பாலிமருக்கு மட்டும் உரியவை அல்ல. அவை பாலிமரும் உலோகமும் சேர்ந்த கூட்டுப்பொருளின் பண்புகள். வலையின் வடிவம், அதன் பட்டை இடைவெளி, அதில் உள்ள மின்னூட்டம், சில நேரங்களில் அதன் பட்டைகளே கூட உலோகத்தின் கைபட்டவை. இதை மறைத்து எழுதுவது கவனக்குறைவு என்ற அளவில் நிற்பதில்லை. எந்தப் பொருளைக் கொண்டு எந்தக் கருவியைச் செய்யலாம் என்ற முடிவையே அது திசைமாற்றிவிடுகிறது.

உலோகப் பரப்பை நாடியதற்குத் தக்க காரணம் இருந்தது. 2004-இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் பிரித்துக் காட்டிய கிராஃபீனில் எலக்ட்ரான்கள் வியப்பூட்டும் வேகத்தில் ஓடுகின்றன. ஆனால் அதற்குப் பட்டை இடைவெளி இல்லை. எலக்ட்ரான்கள் நிரம்பிய மட்டங்களின் உச்சிக்கும் காலியான மட்டங்களின் அடிக்கும் நடுவே உள்ள தூரத்தையே பட்டை இடைவெளி என்கிறோம். அது இல்லாத பொருளைக் கொண்டு மின்னோட்டத்தை முற்றாக நிறுத்தும் டிரான்சிஸ்டரைச் செய்வது கடினம். அப்படியானால் இடைவெளி உள்ள கார்பன் வலையை நாமே வடிவமைத்து, மூலக்கூறு மூலக்கூறாகக் கட்டினால் என்ன? குடுவைக்குள் கட்டப் பார்த்தால் வலைகள் தாறுமாறாக வளர்ந்து, எதிலும் கரையாத தூளாக அடியில் படிகின்றன. தட்டையான உலோகப் பரப்பில், அதிவெற்றிடத்தில் கட்டினால் மூலக்கூறுகள் மேலும் கீழும் வளர வழியின்றிப் பக்கவாட்டில் மட்டுமே விரியும்.

2007-இல் பெர்லினில் லியோன்ஹார்ட் கிரில், ஸ்டெஃபான் ஹெக்ட் ஆகியோரின் குழு இதைச் செய்து காட்டியது. புரோமின் அணுக்கள் பொருத்திய போர்ஃபிரின் மூலக்கூறுகளைத் தங்கத்தின் மேல் இணைத்தபோது, புரோமின் எத்தனை, எந்தெந்த முனையில் என்பதைப் பொறுத்து இரட்டையாகவோ சங்கிலியாகவோ வலையாகவோ அவை அமைந்தன. செம்பைக் கொண்டு கார்பன் வளையங்களை இணைக்கும் வினையை 1901-இலேயே ஃபிரிட்ஸ் உல்மான் கண்டறிந்திருந்தார். நூறாண்டு கழித்து அந்த வினை குடுவையை விட்டுப் படிகத்தின் முகத்துக்கு இடம்பெயர்ந்தது.

கவனிக்க வேண்டியது இங்கேயே இருக்கிறது. கார்பனுக்கும் புரோமினுக்கும் இடையிலான பிணைப்பை அறுப்பது உலோகம். அறுந்த முனைகளைத் தாங்கி நிற்பதும் உலோகம். அவை ஒன்றையொன்று தேடி நகர்வதும் அதன் பரப்பின் மேல்தான். வினையின் ஒவ்வொரு படியிலும் பங்கெடுத்த ஒன்று, வினை முடிந்த கணத்தில் சாட்சியாக மாறி ஒதுங்கிக்கொள்கிறது என்று எந்த அடிப்படையில் நம்புகிறோம்?

முதலில் வடிவத்தைப் பார்ப்போம். சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகத்தைச் சேர்ந்த மார்கோ பியரியும் உடன் பணியாற்றியோரும் 2010-இல் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். அயோடின் பொருத்திய ஒரே வகை மூலக்கூறு, ஒரே வினை. உலோகம் மட்டும் மூன்று. செம்பின் மேல் மூலக்கூறுகள் முட்டிய இடத்திலேயே ஒட்டிக்கொண்டு, கிளைவிட்ட கொத்துகளாகத் தறிகெட்டு வளர்ந்தன. வெள்ளியின் மேல் அவை நகர்ந்து நகர்ந்து பொருத்தமான இடத்தில் சேர்ந்ததால் அடர்த்தியான, ஒழுங்கான வலை கிடைத்தது. தங்கத்தின் மேல் கிடைத்தது இரண்டுக்கும் நடுவில் இருந்தது. மூலக்கூறு பரப்பில் எவ்வளவு எளிதாக நகர்கிறது, இன்னொன்றைத் தொட்டதும் எவ்வளவு விரைவாகப் பிணைகிறது என்ற இரண்டுக்கும் உள்ள போட்டியே வலையின் தலையெழுத்தைத் தீர்மானித்தது. அந்தப் போட்டியின் விதிகளை எழுதியது உலோகம்.

எலக்ட்ரான் பண்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். எல்லாத் தொடர்பும் உண்டு. சகப்பிணைப்பு ஒருமுறை அமைந்துவிட்டால் இந்த வினையில் அது திரும்ப அவிழ்வதில்லை. அறுகோணம் அமைய வேண்டிய இடத்தில் ஐங்கோணமோ எழுகோணமோ அமைந்துவிட்டால் அந்தப் பிழை அப்படியே நிலைத்துவிடும். முக்கோணங்களும் அறுகோணங்களும் மாறிமாறி அமையும் காகோமே வலையில் எதிர்பார்க்கப்படும் தட்டைப் பட்டையும், கிராஃபீனில் இருப்பது போல் பட்டைகள் நேர்கோட்டில் ஏறிச் சந்திக்கும் டிராக் கூம்பும் ஒழுங்கு நீண்ட தூரம் தொடர்ந்தால்தான் உருவாகும். பென்சீன் வளையங்கள் எதிரெதிர் முனைகளில் இணைந்திருந்தால் எலக்ட்ரான் ஒரு வளையத்திலிருந்து மறுவளையத்துக்கு எளிதாகப் பரவும். ஒன்றுவிட்ட முனைகளில் இணைந்திருந்தால் அந்தப் பரவல் நலிந்துவிடும். ஆகவே இரு திசைகளில் விரிந்துவிட்டதாலேயே ஒரு பாலிமர் நன்றாகக் கடத்தும் என்பதும் சரியல்ல. எப்படி இணைந்தது, எவ்வளவு தூரம் பிழையின்றி இணைந்தது என்பவையே முடிவுசெய்யும். இவற்றில் முதலாவது வேதியியலாளர் வடிவமைப்பது. இரண்டாவதில் உலோகத்தின் குரலே ஓங்கி ஒலிக்கிறது.

இத்தோடு முடியவில்லை. செம்பிலும் வெள்ளியிலும் பல நேரங்களில் கார்பன் முனைகள் நேரடியாக இணைவதற்கு முன் ஓர் உலோக அணுவை நடுவில் பிடித்துக்கொள்கின்றன. இன்னும் சூடாக்கினால்தான் அந்த அணு விலகும். அறுந்து விழுந்த புரோமின், அயோடின் ஆகிய ஹாலஜன் அணுக்கள் சங்கிலிகளுக்கு இடையே பரப்பிலேயே தங்கிவிடுகின்றன. அவை பரப்பின் வெளியேற்று ஆற்றலை, அதாவது எலக்ட்ரானைப் பரப்பிலிருந்து வெளியே எடுக்கத் தேவையான ஆற்றலை, மாற்றும். பாலிமரின் ஆற்றல் மட்டங்களை மேலோ கீழோ நகர்த்தும். நுண்ணோக்கிப் படத்தில் அழகாகத் தெரியும் வலையின் கண்களுக்குள் எத்தனை ஹாலஜன் அணுக்கள் மிச்சமிருக்கின்றன என்று சொல்லாமல் அந்த மட்டங்களின் இடத்தைச் சொல்வது பாதிச் செய்திதான்.

அடுத்து, எல்லோரும் முதலில் கேட்கும் எண்ணான பட்டை இடைவெளி. எஸ்.டி.எம். எனப்படும் ஸ்கேனிங் டனலிங் நுண்ணோக்கியின் ஊசியை ஒரு புள்ளியின் மேல் நிறுத்தி மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டே போனால், எந்த ஆற்றலில் எலக்ட்ரான் உள்ளே செல்கிறது, எந்த ஆற்றலில் வெளியே வருகிறது என்பது தெரியும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே இடைவெளி. ஆனால் பாலிமரில் ஓர் எலக்ட்ரானைச் சேர்த்தாலோ எடுத்தாலோ அங்கே ஒரு மின்னூட்டம் நிற்கிறது. அடியில் உள்ள உலோகத்தின் எலக்ட்ரான்கள் உடனே இடம்மாறி அதற்கு எதிரான பிம்ப மின்னூட்டத்தை உருவாக்கி, அதைத் தணிக்கின்றன. சேர்ப்பதற்கு ஆகும் செலவும் குறைகிறது, எடுப்பதற்கு ஆகும் செலவும் குறைகிறது. இடைவெளி இருபக்கமும் சுருங்குகிறது. மூலக்கூறுக்கும் பரப்புக்கும் இடையே ஒரு பிணைப்புகூட அமையத் தேவையில்லை. அருகில் இருப்பதே போதும்.

இந்தச் சுருக்கம் சிறியதல்ல. ஜெஃப்ரி நீட்டன், மார்க் ஹைபர்ட்சன், ஸ்டீவன் லூயி ஆகிய மூவரும் 2006-இல் வெளியிட்ட கணக்கின்படி, தனித்திருக்கும் பென்சீனின் இடைவெளியோடு ஒப்பிட்டால் கிராஃபைட்டின் மேல் படுத்திருக்கும் பென்சீனின் இடைவெளி 3 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேல் குறைகிறது. பாலிமர்களின் பக்கம் வந்தால், 7 கார்பன் வரிசை அகலமுள்ள கிராஃபீன் நாடாவை எடுத்துக்கொள்ளலாம். 2010-இல் ரோமன் ஃபாசல், கிளாவுஸ் மியூலன் ஆகியோரின் குழுக்கள் தங்கத்தின் மேல் முதன்முதலாகத் துல்லியமாக உருவாக்கிய நாடா அது. இந்தத் துறையில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட பொருள்களில் ஒன்று. தங்கத்தின் மேல் எஸ்.டி.எம். அளந்த அதன் இடைவெளி சுமார் 2.3 எலக்ட்ரான் வோல்ட். எலக்ட்ரான்களுக்கு இடையிலான விலக்கத்தை முறையாகச் சேர்த்துக் கணக்கிட்டால், தனித்திருக்கும் அதே நாடாவுக்குக் கிடைப்பது சுமார் 3.7. ஒரு பொருளுக்கு எப்படி இரண்டு இடைவெளிகள் இருக்க முடியும்? இரண்டும் ஒரே பொருளின் எண்கள் அல்ல என்பதே விடை. ஒன்று நாடாவின் எண். மற்றது தங்கத்தின் மேல் உள்ள நாடாவின் எண்.

"எங்கள் கணக்கும் அளவீடும் ஒத்துப்போகின்றன, பிறகென்ன?" என்று இதற்குப் பதில் சொல்லப்படுவதுண்டு. எந்தக் கணக்கு என்று கேட்க வேண்டும். பரவலாகப் பயன்படும் எளிய அடர்த்திச் சார்புக் கணக்கு இடைவெளியை எப்போதும் குறைத்தே காட்டும்; மேற்சொன்ன நாடாவுக்கு அது தருவது சுமார் 1.6. தங்கத்தின் மேல் அளந்த 2.3-இலிருந்து இதன் தொலைவு 0.7, முறையான கணக்கின் தொலைவு 1.4. குறையுள்ள கணக்கே உண்மைக்கு நெருக்கமானது போல் தோற்றம் தருகிறது. கணக்கு ஒரு காரணத்தால் எண்ணைக் குறைக்கிறது, உலோகம் வேறொரு காரணத்தால் குறைக்கிறது. தொடர்பில்லாத இரண்டு குறைவுகள் அருகருகே வந்து நிற்பதை ஒன்றுக்கொன்று சான்றாக எடுத்துக்கொள்வது ஆபத்தானது. நல்ல கணக்கில் பிம்ப மின்னூட்டத்தின் விளைவையும் சேர்த்தால்தான் எண் அளவீட்டை நோக்கி இறங்குகிறது. அதாவது உலோகத்தைச் சேர்க்காமல் சரியான விடையே இல்லை.

மூன்றாவதாக, உலோகம் அருகில் நின்று தணிப்பதோடு நிற்பதில்லை. பாலிமரோடு எலக்ட்ரான்களைப் பகிரவும் செய்கிறது. பென்சீன் வளையங்களை வரிசையாகக் கோத்த எளிய சங்கிலியான பாலி-பாரா-ஃபினிலீன் தங்கத்தின் மேல் 3 எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டிய இடைவெளி உள்ள குறைக்கடத்தி. அதே சங்கிலியைச் செம்பின் (110) எனப்படும் படிக முகத்தில் வளர்த்து அளந்தபோது நிலைமை தலைகீழானது. காலியாக இருக்க வேண்டிய பட்டைக்குள் உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் வந்து அதை ஓரளவு நிரப்பியிருந்தன. சங்கிலி உலோகத்தைப் போல நடந்துகொண்டது. 2016-இல் வெளியான இந்த முடிவைப் படித்த பிறகும் இந்தப் பாலிமர் குறைக்கடத்தியா உலோகமா என்று பரப்பைச் சொல்லாமல் கேட்பவர், விடையே இல்லாத கேள்வியைக் கேட்கிறார்.

தங்கம் செம்பைப் போல் அல்ல, அது ஒதுங்கி நிற்கும் உலோகம் என்பார்கள். ஓரளவுக்கு அது உண்மை. ஆனால் தங்கமும் தலையிடாமல் இல்லை. மேற்சொன்ன 7 வரிசை நாடாவின் இரு முனைகளிலும் தனித்த எலக்ட்ரான் நிலைகள் உண்டு. தங்கத்தின் மேல் அவை, உலோகத்தில் எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் எல்லையான ஃபெர்மி மட்டத்தருகே ஒற்றை நிலையாகவே தெரிகின்றன. அதே நாடாவை ஊசியால் நகர்த்தி, ஓரடுக்குச் சாதாரண உப்பின் மேல் ஏற்றி அளந்தபோது, அந்த நிலை இரண்டாகப் பிளந்து 1.9 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளியில் விலகி நின்றது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதால் வரும் இந்தப் பிளவு நாடாவின் இயல்பான குணம். தங்கம் நாடாவிலிருந்து எலக்ட்ரான்களை இழுத்துக்கொண்டதால் அந்தக் குணம் கண்ணுக்கே படாமல் போயிருந்தது. காந்தப் பண்பு கொண்ட கார்பன் வலைகளைத் தேடுவோருக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை.

நான்காவது வாதம் இன்னும் கடுமையானது. சில நேரங்களில் நாம் பாலிமரின் பட்டை என்று நினைத்துப் பார்ப்பது உலோகத்தின் பட்டையாகவே இருக்கும். தங்கம், வெள்ளி, செம்பு ஆகியவற்றின் (111) முகத்தில், பரப்போடு மட்டும் ஒட்டி ஓடும் எலக்ட்ரான் வாயு ஒன்று உண்டு. தங்கத்தில் அது ஃபெர்மி மட்டத்துக்குச் சுமார் அரை எலக்ட்ரான் வோல்ட் கீழே தொடங்குகிறது. துளைகள் நிறைந்த வலையொன்றை அதன் மேல் விரித்தால், ஒவ்வொரு துளையும் அந்த வாயுவைச் சிறைப்படுத்தும் கிண்ணமாகிவிடும். 2009-இல் செம்பின் மேல் உலோக அணுக்களால் கோத்த ஒரு துளை வலையில், கிண்ணத்துக்குக் கிண்ணம் எலக்ட்ரான் கசிந்து புதிய பட்டையே உருவாவதை யோர்கே லோபோ-செக்காவும் குழுவினரும் காட்டினார்கள். அந்தப் பட்டையின் ஒழுங்கு வலையின் ஒழுங்கு, எலக்ட்ரான்கள் செம்பினுடையவை. சகப்பிணைப்பு வலைகளிலும் துளைகள் உண்டு, அடியில் இதே வாயுவும் உண்டு. வலையின் சமச்சீரோடு ஒரு பட்டை தெரிகிறது என்பதாலேயே அது வலைக்குச் சொந்தமாகிவிடாது.

பாலிமர் துறைக்குப் பக்கத்து வீட்டிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. 2012-இல் வெள்ளியின் (111) முகத்தில், சிலிக்கன் அணுக்களாலான ஓரடுக்கு வலையான சிலிசீன் வளர்க்கப்பட்டது. கிராஃபீனைப் போலவே நேர்கோட்டில் ஏறும் பட்டை அதில் தெரிந்ததாக அறிவிக்கப்பட்டது, உலகெங்கும் பரபரப்பு. மறு ஆண்டே டோக்கியோ ஆய்வாளர்கள் காந்தப்புலத்தில் வைத்து அளந்தபோது, டிராக் எலக்ட்ரான்கள் இருந்தால் வந்தே தீர வேண்டிய லாண்டாவ் மட்டங்கள் வரவில்லை. வெள்ளியோடு கலந்ததில் சிலிசீனின் சமச்சீர் குலைந்திருந்தது. அந்த நேர்கோட்டில் வெள்ளியின் பங்கு பெரிது என்று கணக்குகளும் காட்டின. உலோகத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்ததால் ஒரு துறை முழுவதும் தடுமாறிய கதை இது. கரிமப் பாலிமர்கள் வெள்ளியோடு அவ்வளவு இறுக்கமாகக் கலப்பதில்லை என்பது சரி. ஆனால் எவ்வளவு கலக்கின்றன என்பதை ஒவ்வொரு முறையும் அளந்து காட்ட வேண்டுமே தவிர, கலக்கவில்லை என்று வைத்துக்கொள்ளக் கூடாது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதங்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். 2018-இல் பார்சலோனாவில் தங்கத்தின் மேல் நானோ துளைக் கிராஃபீன் உருவாக்கப்பட்டது. சுமார் 1 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி உள்ள அந்த வலை தங்கத்திலிருந்து பெயர்க்கப்பட்டு, சிலிக்கன் டையாக்சைடின் மேல் டிரான்சிஸ்டராகவும் வேலைசெய்தது. 2020-இல் இத்தாலி, கனடா ஆய்வாளர்கள் தங்கத்தின் மேல் வளர்த்த காகோமே வகைப் பாலிமரில் டிராக் கூம்பையும் தட்டைப் பட்டையையும் காட்டினார்கள். இவை இரண்டும் மெய்யான சாதனைகள். இவற்றைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கம் அல்ல.

ஆனால் இவை நிறுவுவது எதை? பட்டையின் வடிவமும் சமச்சீரும் வலையின் கட்டமைப்பிலிருந்து பிறப்பவை. தங்கம் போன்ற குறைவாகத் தலையிடும் பரப்பில் அவை பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. கூம்பும் தட்டைப் பட்டையும் அவ்வகை. அதை முழுமனதோடு ஏற்கிறேன். இடைவெளியின் அளவு, மட்டங்கள் ஃபெர்மி மட்டத்திலிருந்து நிற்கும் தொலைவு, வலையில் ஏறியிருக்கும் மின்னூட்டம் ஆகிய மூன்றும் அப்படிப் பிழைப்பதில்லை. ஒளியால் எலக்ட்ரான்களை வெளியேற்றி அளக்கும் முறை நிரம்பிய மட்டங்களை மட்டுமே காட்டும். காலி மட்டங்களைக் காணாமல் இடைவெளியை அறிய முடியாது. பெயர்த்தெடுத்த வலை டிரான்சிஸ்டராக இயங்கியது, வலை உடையாமல் வந்துசேர்ந்தது என்பதற்குச் சான்று. தங்கத்தின் மேல் அளந்த 1 எலக்ட்ரான் வோல்ட் சிலிக்காவின் மேலும் அப்படியே இருக்கிறது என்பதற்கு அது சான்றல்ல. மின்னூட்டத்தைத் தணிக்கும் திறன் சிலிக்காவுக்குத் தங்கத்தைவிட மிகக் குறைவு. ஆகவே இடைவெளி அங்கே விரிய வேண்டும். மேலும் எந்த டிரான்சிஸ்டரிலும் மின்னோட்டம் நுழையும் வாயிலும் வெளியேறும் வாயிலும் உலோகமே. வாயிலில் எலக்ட்ரான் தாண்ட வேண்டிய தடையை முடிவுசெய்வது மீண்டும் உலோகமும் பாலிமரும் சந்திக்கும் இடம்தான். உலோகத்தைப் பெயர்த்துவிட்டோம் என்பவர்கள் அதை வாயிலில் நிறுத்தித்தான் வைத்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டு மறுகோடிக்குப் போய், உலோகத்தின் மேல் செய்த அளவீடு எதுவும் பயனற்றது என்று முடிவுகட்டுவோரும் உண்டு. அதுவும் தவறு; காரணம் அதேதான். அவர்களும் உலோகத்தை அந்நியமாகவே பார்க்கிறார்கள். ஒருவர் அதை மறக்கச் சொல்கிறார், மற்றவர் அதைத் துடைத்தெறியச் சொல்கிறார். உண்மையில் உலோகம் நம் கையில் உள்ள ஒரு திருகு. இடைவெளியைச் சுருக்க வேண்டுமா, பட்டையில் எலக்ட்ரானை ஏற்ற வேண்டுமா, துளைகளுக்குள் எலக்ட்ரான் வாயுவைச் சிறைப்படுத்த வேண்டுமா? உலோகத்தையும் அதன் முகத்தையும் தேர்ந்தெடுப்பதன் மூலம் இவற்றைச் செய்யலாம். ஒரே வேதியியல் வாய்பாடுள்ள வலையிலிருந்து பல பொருள்களை ஆக்கும் வாய்ப்பு இது. பிழை என்று எண்ணி ஒதுக்கினால் இந்த வாய்ப்பும் சேர்ந்தே போகும்.

ஆகவே இந்தத் துறையிடம் வைக்கும் கோரிக்கைகள் எளியவை. இடைவெளியின் எண்ணைத் தரும்போது எந்த உலோகம், எந்தப் படிக முகம், எவ்வளவு ஹாலஜன் மிச்சம் என்பவற்றையும் அந்த எண்ணின் பகுதியாகவே எழுத வேண்டும். கணக்கோடு ஒப்பிடும்போது, அந்தக் கணக்கில் உலோகத்தின் தணிப்பு சேர்ந்திருக்கிறதா என்று சொல்ல வேண்டும். பாலிமரின் சொந்தக் குணம் என்று ஒன்றை அறிவிக்கும் முன், குறைந்தது இரண்டு பரப்புகளிலோ உப்பு போன்ற மின்காப்பு அடுக்கின் மேலோ அளந்து, மாறாமல் நிற்பது எது என்று காட்ட வேண்டும். ஒளி உறிஞ்சலில் கிடைக்கும் இடைவெளியையும் எஸ்.டி.எம். தரும் இடைவெளியையும் ஒரே நிரலில் போடக் கூடாது. முன்னதில் எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற துளையும் ஒன்றையொன்று ஈர்த்தபடி இருக்கின்றன, பின்னதில் எலக்ட்ரான் தனியே நுழைகிறது அல்லது தனியே வெளியேறுகிறது.

இவற்றைச் செய்வது கடினம். உப்பின் மேல் ஒரு நாடாவை ஏற்றுவதே பெரும்பாடு, ஒரு முழு வலையை ஏற்றுவது அதனினும் பெரும்பாடு. ஆனால் அளக்கக் கடினமானது என்பதற்காக, அளக்காததை அளந்ததாகச் சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. இந்தப் பொருள்களை நம்பிப் பல இளைஞர்கள் தம் ஆய்வு வாழ்வைத் தொடங்குகிறார்கள். தங்கத்தின் மேல் அளந்த எண்ணைப் பாலிமரின் எண் என்று நம்பிக் கருவியை வடிவமைத்தால், அது வேலைசெய்யாதபோது அவர்கள் வலையைக் குறைசொல்வார்கள், மூலக்கூறை மாற்றுவார்கள், மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார்கள். குறை வலையில் இருக்காது. அளவீட்டின் கீழ் எழுதாமல் விட்ட ஒரு வரியில் இருக்கும். அந்த வரியை எழுதும் பொறுப்பு, அளந்தவருக்கே உரியது.